மறு: மறு: ஹைட்ராலிக்: நீரியலா, நீர்மவிசையா?

வணக்கம்.

> ஹைட்ராலிக் பிரெஸ்ஸுக்கு “நீரியல் அழுத்தி” என்று ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

ஐயா, ஓடுகிற சொல்லைத் தடுக்கக்கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் இந்தச் சொல் எங்கள் பட்டறையில் ஓடவில்லை. பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் ஹைட்ராலிக் பிரெஸ் பராமரிப்பு என் வேலை. தமிழ்ப் பிட்டர்களுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி ஒட்டினேன். முதல் வரியே “நீரியல் அழுத்தியின் எண்ணெய் மட்டத்தைத் தினமும் பார்க்கவும்”. ஓசூரிலிருந்து வரும் தம்பி படித்துவிட்டு, “தண்ணி மெஷினுக்கு ஏண்ணே எண்ணெய் ஊத்துறோம்?” என்றான். கிண்டல்தான். ஆனாலும் என்னிடம் பதில் இல்லை.

நீரியல் என்றதும் எனக்கு மழையும் ஏரியும் நிலத்தடி நீரும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தத் துறைக்கு அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. அதைப் பிடுங்கி பிரெஸ்ஸில் மாட்டுவானேன்?

> ஆங்கிலச் சொல்லிலும் தண்ணீர்தானே இருக்கிறது?

இருக்கிறது அக்கா. கிரேக்கத்தில் நீரும் குழலும் சேர்ந்த சொல் அது. தண்ணீரின் அழுத்தத்தால் காற்றை ஊதி ஒலித்த இசைக்கருவி ஒன்றுக்கு முதலில் வந்த பெயர். இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இல் காப்புரிமை வாங்கிய அழுத்தியிலும் தண்ணீர்தான். லண்டன் டவர் பிரிட்ஜ் 1894-இல் திறந்தபோது, நீராவி பம்புகள் அழுத்திய தண்ணீர்தான் பாலத்தின் இரு கைகளையும் தூக்கியது. எண்ணெய்க்கு மாறியது 1970-களில். அவர்களுக்குச் சொல் முதலில் வந்தது, எண்ணெய் பிறகு வந்தது. நம் பட்டறைக்கு இயந்திரம் வரும்போதே எண்ணெயோடுதான் வந்தது.

> அப்படியென்றால் “பாய்மம்” போதுமே?

பாய்மம் என்றால் திரவமும் வாயுவும் சேர்த்துத்தான். பாஸ்கல் விதிக்கு அது போதும். அடைபட்ட பாய்மத்தின் ஓரிடத்தில் அழுத்தத்தைக் கூட்டினால், அந்தக் கூடுதல் குறையாமல் எல்லா இடத்துக்கும், எல்லாப் பக்கமும் போய்ச் சேரும். விதியைச் சொல்லும்போது அது திரவமா காற்றா என்று பார்க்க வேண்டியதில்லை. பாஸ்கல் எழுதிய நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல் அச்சானது. பிராமாவின் பொறி வர அதற்குப் பிறகு நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. விதி தெரிந்தும் ஏன் இவ்வளவு நாள் என்றால், கசிவு. அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வாஷர் வந்த பிறகுதான் அந்தப் பொறி உருப்பட்டது. இன்றும் எங்கள் பொழுதில் பாதி ஆயில் சீல் மாற்றுவதில்தான் போகிறது!

இயந்திரம் என்று வந்துவிட்டால் திரவமா காற்றா என்பதுதான் முக்கியம். எங்கள் பெரிய பிரெஸ்ஸில் ராம் (எண்ணெய் தள்ளும் பெரிய உருளை) விட்டம் 25 செ.மீ. சதுர செ.மீ.-க்கு 200 கிலோ அழுத்தம் ஏற்றினால் அடியில் கிடைப்பது ஏறத்தாழ 98 டன். அந்த அழுத்தத்தில் எண்ணெய் சுருங்குவது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான். காற்றோ கிட்டத்தட்ட இருநூறில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் பிரேக் லைனில் கொஞ்சம் காற்று புகுந்தாலே பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. மிதிக்கிற மிதியெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும், சக்கரத்துக்கு எதுவும் மிஞ்சாது. சமையல் கேஸ் சிலிண்டரைத் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பதற்கும் காரணம் இதுதான். காற்றை நிரப்பி, அது விரிசல் விட்டால் வெடிகுண்டு. தண்ணீரென்றால் பீச்சியடித்து ஓய்ந்துவிடும். (அங்கே இருப்பது நிஜமாகவே நீர். ஆகவே “நீரழுத்தச் சோதனை” அப்படியே இருக்கட்டும்.)

ஒரு கதை. பழைய இடத்தில் கன்னடக்கார மேஸ்திரி ஒருவர் புதுப் பையனிடம் “காளி தெகி” என்றார். கன்னடத்தில் ‘காளி’ என்றால் காற்று. லைனில் இருக்கும் காற்றை எடு என்று பொருள். சேலத்துப் பையன் காதில் “காலி” என்று விழுந்திருக்கிறது. நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் டேங்க் எண்ணெய் முழுவதையும் டிரம்மில் வடித்து, துணி போட்டுத் துடைத்தும் வைத்திருந்தான். பளபளவென்று காலி.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நீர்மம் என்றால் திரவம், அதை வைத்து “நீர்ம அழுத்தி” என்று முதலில் நினைத்தேன். நீர்மத்தை அழுத்துவது என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. நாம் தினமும் சொல்லும் விசைத்தறி, விசைப்படகு இரண்டையும் பாருங்கள். விசை முன்னால் நின்று, எது ஓட்டுகிறது என்று சொல்லிவிடுகிறது. அதே அச்சில் நீர்மவிசை. நீர்மவிசை அழுத்தி, நீர்மவிசைத் தூக்கி. காற்றில் ஓடுவதற்கு வளிமவிசை. இயற்பியலுக்கும் இடிக்காது, பெருகுவது விசைதான். 2 செ.மீ. பம்பில் பத்து கிலோ கொடுத்தால் 20 செ.மீ. ராமில் ஆயிரம் கிலோ கிடைக்கும். ஆனால் பம்பை 100 மி.மீ. தள்ளினால் ராம் நகர்வது ஒரே ஒரு மி.மீ. வேலை இம்மியும் கூடவில்லை.

ஜாக்கி, சிலிண்டர், பிரேக் மூன்றிலும் கை வைக்க வேண்டாம். “நீர்மவிசை பிரேக்” என்றால் யாருக்கும் குறைந்துவிடாது.

அன்புடன்,
பீன்யாவிலிருந்து

---

தம்பி,

விசைத்தறி, விசைப்படகு உவமை பிடித்தது. தண்ணீர் வாதம் பிடிக்கவில்லை. எண்ணெய் என்பதே எள் நெய். தேங்காய் எண்ணெயில் எள் எங்கே? மண்ணெண்ணெயில் எங்கே? சொல் பிறந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்காது. உங்கள் பிரெஸ்ஸில் ஊற்றுவதை “எண்ணெய்” என்று கூசாமல் எழுதிவிட்டு, “நீரியல்” மட்டும் பொய் சொல்கிறது என்றால் எப்படி?

நீர்மம் என்பதிலும் நீர் இருக்கிறது, கவனித்தீர்களா?

அக்கா, மல்லேஸ்வரம்

---

அக்கா,

மண்ணெண்ணெய்க்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீரியல் வேறு துறைக்குப் போய்விட்டது, வளிமவிசைக்கு ஒரு ஜோடி வேண்டும், இந்த இரண்டு காரணம் மட்டும் நிற்கட்டும்.

குறிப்பைத் திருத்தி இன்று காலையில் ஒட்டினேன். “நீர்மவிசை அழுத்தி: எண்ணெய் மட்டம் பார்க்கவும். காற்று எடுக்கவும்.” ஓசூர்த் தம்பி படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மதியம் பார்த்தால் சாக்பீஸால் “நீர்மவிசை”யை மட்டும் வட்டம் போட்டு, பக்கத்தில் “பிரெஸ்” என்று எழுதியிருக்கிறான். அழுத்தியை அடித்துவிட்டான். நீர்மவிசையை விட்டுவைத்திருக்கிறான்.

பீன்யாவிலிருந்து