எங்கள் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியை நாங்களே வாக்குப் போட்டுத் தெரிவு செய்தால் என்ன?

கடற்கரைவீதி_கண்ணன்

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் இங்கே கொழும்பில் அம்மாவின் சங்கிலியை பஸ் ஹோல்டில் வைத்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். பொலிஸுக்குப் போனோம், எந்த நிலையம் என்று இங்கே எழுத விரும்பவில்லை. மூன்று மணித்தியாலம் வாங்கில் இருந்த பிறகு, தமிழ் தெரிந்த ஒருவர்தான் இருக்கிறார், அவரும் லீவு என்றார்கள். அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்ல, ஒருவர் எழுதிக்கொண்டு கையெழுத்து வைக்கச் சொன்னார். அம்மாவும் வைத்துவிட்டார். பிறகு பிரதி எடுத்து, பக்கத்து வீட்டு அங்கிளிடம் கொடுத்து வாசித்தால், சங்கிலி 'தொலைந்துபோனது' என்று இருக்கிறது! அறுத்தது பற்றி ஒரு வரி இல்லை. ஓ.ஐ.சியோடு, அதுதான் நிலையப் பொறுப்பதிகாரியோடு, கதைக்கலாம் என்று போனால் அவருக்கு இடமாற்றம், புதியவர் இன்னும் வரவில்லை.

டெக்சாஸில் இருக்கிற என் மச்சானிடம் இதைச் சொன்னேன். தங்களுடைய கவுண்டியில், அதாவது மாவட்டம் மாதிரி ஒரு பிரிவில், பொலிஸ் வேலை பார்க்கிற ஷெரீப்பை நான்கு வருடத்துக்கு ஒரு தடவை மக்களே வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள், சரியில்லை என்றால் அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பலாம் என்றான். அன்றிலிருந்து இதே யோசனைதான். மாநகரசபை உறுப்பினரை நாங்கள் தெரிவு செய்யலாம் என்றால் ஓ.ஐ.சியை ஏன் முடியாது? உண்மையாகவே கேட்கிறேன்.

முகத்துவாரம்77

தம்பி, நான் உங்கள் பக்கம். மேலே இருந்து நியமித்தால்தான் தரமான ஆள் வருவார் என்று சொல்கிறவர்கள் தேசபந்து தென்னகோன் விஷயத்தை மறந்துவிட்டார்களா? ஒருவரைச் சித்திரவதை செய்த வழக்கில் அவருக்கும் பொறுப்பு இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2024 பெப்ரவரியில் அவரையே பொலிஸ் மா அதிபர் ஆக்கினார்கள். ஜூலையில் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது, 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் பதவியில் இருந்து நீக்கியது. இவ்வளவும் நடந்து முடிய ஒன்றரை வருடம். அந்த நேரத்தில் எங்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

எங்கள் பக்கத்தில் போதைத்தூள் விற்கிற இடம் எது என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். ஓ.ஐ.சி மாறுவார், அந்த இடம் மாறாது. அந்த மனுசனுக்கு இடமாற்றம் கொடுக்கிறவர் எங்கோ இருக்கிறார், அவருக்குத்தான் இவர் பயப்படுவார். எங்களுக்குப் பயப்பட ஒரு காரணமும் இல்லை. வாக்கு இருந்தால் பயம் வரும்.

தாரணி_கொழும்பு6

கண்ணன், அம்மா எப்படி இருக்கிறார்? கழுத்தில் காயம் இருந்தால் இப்போதே டொக்டரிடம் காட்டித் துண்டு வாங்கி வையுங்கள், சங்கிலி தொலையவில்லை அறுக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி.

கேள்விக்கு வருகிறேன். எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை, ஏன் என்று நீளமாகவே சொல்கிறேன். மச்சான் சொன்னது ஷெரீப். அமெரிக்காவிலும் பெரும்பாலான நகரங்களில் பொலிஸ் தலைவரை மேயரோ நகர நிர்வாகமோதான் நியமிக்கிறது. கலிபோர்னியாவில் தன் பொலிஸ் தலைவரை இன்றும் வாக்கால் தெரிவு செய்கிற நகரம் சான்டா கிளாரா ஒன்றுதான். அப்புறம், தெரிவு செய்த ஷெரீப் எல்லாம் நல்லவர் என்றும் இல்லை. அரிசோனாவில் ஜோ ஆர்பாயோ 1993இலிருந்து 2016 முடியும்வரை ஷெரீப்பாக இருந்தார். லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களை வீதியில் மறித்துச் சோதிப்பதை நிறுத்து என்று நீதிமன்றம் சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஆறு தடவை வென்றவர். அவருக்கு வாக்குப் போட்டவர்களுக்கு அந்தச் சோதனை பிடித்திருந்தது, அதுதான் பிரச்சினை.

இதை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் இருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அப்போது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் மாடிக்குக் கீழேதான் பஸ் நின்றது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்ததால்தான் அது நின்றது. அந்த வருடம் பொலிஸ் தலைவருக்குத் தேர்தல் வைத்திருந்தால் வென்றிருப்பது யார்? லொட்ஜை வெறுமையாக்குவேன் என்று மேடையில் சொன்னவரா, சொல்லாதவரா?

இன்னொன்று. வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிற எத்தனை பேருக்கு கொழும்பில் வாக்கு இருக்கிறது? என்னுடையது இன்னும் யாழ்ப்பாணத்தில்தான். லொட்ஜில் இருக்கிறவருக்கு, போர்டிங்கில் இருக்கிற பிள்ளைகளுக்கு, தோட்டத்தில் இருந்து வந்து கடையிலேயே படுக்கிற பையனுக்கு, ஒருவருக்கும் இங்கே வாக்கு இல்லை. பொலிஸிடம் அதிகம் மாட்டுகிறவர்களும் அவர்கள்தான். வாக்குக்குப் பயப்படுகிற ஓ.ஐ.சி இவர்களுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

முகத்துவாரம்77

தங்கச்சி, வாக்காளர் பதிவு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அது நியாயம். ஆனால் வேறு வழியை யார் தருகிறார்கள்? 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் என்று எழுதி வைத்தார்கள், இன்றுவரை கொடுக்கவில்லை. மேல் மாகாணசபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல். சபையே இல்லாமல் கிடக்கிறது.

தாரணி_கொழும்பு6

அண்ணா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசு இல்லை என்று தள்ளிப்போய் 2025 மே மாதம்தான் நடந்தது. ஓ.ஐ.சிக்குத் தேர்தல் வைத்தால் அதையும் தள்ளிப் போடுவார்கள், பழைய ஆள் கதிரையிலேயே இருப்பார். இங்கிலாந்தில் பொலிஸுக்கு மேல் ஒரு ஆணையாளரை மக்கள் தெரிவு செய்கிற முறையை 2012இல் கொண்டுவந்தார்கள். முதல் தேர்தலில் வாக்குப் போட வந்தது நூற்றுக்கு 15 பேர் அளவில். இப்போது அந்தப் பதவியே வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

எங்களிடம் ஏற்கெனவே இருப்பது, பொலிஸாரின் நியமனம், இடமாற்றம் எல்லாம் பார்க்கிற தேசிய பொலிஸ் ஆணைக்குழு. 2001இல் 17ஆவது திருத்தத்தில் வந்தது, 18ஆவது திருத்தத்தில் பல்லைப் பிடுங்கினார்கள், 19ஆவதில் திரும்பக் கொடுத்தார்கள், 20ஆவதில் மறுபடி பிடுங்கினார்கள், 2022இல் 21ஆவது திருத்தத்தோடு மீண்டும் கொடுத்தார்கள். அரசாங்கம் மாறும்போதெல்லாம் இதில் கை வைப்பதை நிறுத்தினால், ஓ.ஐ.சியின் இடமாற்றம் அரசியல்வாதியின் டெலிபோனுக்கு ஆடாது. நான் கேட்பது அதைத்தான். ஓ.ஐ.சி ஒரு இடத்தில் குறிப்பிட்ட காலம் இருக்க வேண்டும், மாற்றினால் காரணம் எழுத்தில் வர வேண்டும்.

வத்தளை_ஓய்வூதியர்

பிள்ளைகள், தேர்தல் வருமோ வராதோ, முதலில் அந்த அம்மாவின் முறைப்பாட்டைத் திருத்துங்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் அரச அலுவலகத்தில் வேலை செய்தவன். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை எடுத்துப் பாருங்கள், சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கிற கொழும்பிலும் அரச அதிகாரியோடு தமிழில் அலுவல் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அது யாரும் போடுகிற பிச்சை இல்லை. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம், எனக்கு இது விளங்கவில்லை என்று அதன் கீழேயே தமிழில் எழுதுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, நடந்ததை அம்மா தன் கைப்பட ஒரு தாளில் எழுதட்டும், திகதி, நேரம், ஹோல்ட் எல்லாம் போட்டு. அந்த நிலையத்துக்கு மேலே இருக்கிற ஏ.எஸ்.பியின் (உதவிப் பொலிஸ் அத்தியட்சர்) அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு பிரதி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு, மொழிப் பிரச்சினைக்கு இன்னொன்று அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு. தபால் பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம்.

கடற்கரைவீதி_கண்ணன்

எல்லாருக்கும் நன்றி. தாரணி அக்கா, காயம் இருந்தது, சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட்டோம். படம் மட்டும் தங்கச்சியின் போனில் இருக்கிறது. தேர்தல் பற்றி என் எண்ணம் பாதி மாறிவிட்டது, வாக்கு யாரிடம் இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. என்றாலும் ஒன்றை விட மனமில்லை. மாதம் ஒரு நாளாவது ஓ.ஐ.சி மக்கள் முன்னால் வந்து இருந்து, வாக்கு இருக்கிறவர் இல்லாதவர் எல்லாரும் தமிழிலும் சிங்களத்திலும் கேட்கிற கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். ஐயா, அம்மா கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டார், இரண்டாவது பக்கத்தில் இருக்கிறார். திங்கட்கிழமை தபால் கந்தோருக்குப் போகிறோம்.