கணக்கு அதிகம் இல்லாத ஷிப்ட் வேலை, மட்டக்களப்பு பக்கம் என்ன இருக்கிறது?

ஆரையம்பதி பிள்ளை:
வணக்கம். ஓ.எல் பரீட்சையில் தமிழும் வரலாறும் நல்ல பெறுபேறு, கணிதம்தான் சாதாரண சித்தி. கூட்டிக் கழிக்கத் தெரியும், ஆனால் ஆள் முன்னால் நிற்க மிச்சக் காசு எண்ணிக் கொடு என்றால் கை நடுங்கிப்போகும். அம்மாவைக் காலையில் கிளினிக்குக்குக் கூட்டிப்போக இருப்பதால் பின்னேரம், இரவு என்று மாறிவரும் ஷிப்ட் வேலைதான் எனக்குச் சரிவரும். டவுனும் கல்முனையும் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். கேஷியர் வேலை வேண்டாம், வேறு என்ன பார்க்கலாம்?

கல்முனை மிஸ்ஸி:
தங்கச்சி, நான் வார்டில் தாதி. என் வேலையில் கணக்கு ஓயாது. 500 மில்லி சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்றச் சொன்னால், மில்லிக்கு 20 துளி விழும் சேலைன் குழாய் செட்டில் நிமிடத்துக்கு 42 துளி அளவில் வர வேண்டும், அதை நடுச்சாமத்திலும் பிழைவிடாமல் பார்க்க வேண்டும். ஆனால் அதே வார்டில் எங்களோடு இரவு முழுக்க நிற்கும் உதவியாளருக்கு இது இல்லை. நோயாளியைச் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது, பெட்ஷீட் மாற்றுவது, கட்டிலோடு கிடப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைப்பது, இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையில் அளவுக் கோட்டைப் பார்த்து 300 மில்லி என்று சொன்னால் போதும், எழுதிக் கூட்டுவது நாங்கள். பாரம் தூக்குகிற வேலை, இடுப்பு நோகும், அதையும் யோசியுங்கள். ஆனால் நல்ல கையும் பொறுமையும் உள்ள பிள்ளை வார்டில் நின்றால் நோயாளிக்கு எவ்வளவு ஆறுதல் என்று நான் தினமும் காண்கிறேன். பராமரிப்பாளர் வேலைக்கு என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைப் பயிற்சி இருக்கிறது, அதை முடித்தால் தனியார் ஆஸ்பத்திரியில் கேட்க வசதி.

பாசிக்குடா ரூம்போய்:
ஹோட்டல் என்றால் ஹவுஸ்கீப்பிங் பாருங்கள். எத்தனை துவாய், எத்தனை தலையணை உறை என்று எண்ணுவதோடு கணக்கு முடிந்தது. ரிசப்ஷன் இரவு ஷிப்டுக்கு மட்டும் போகாதீர்கள், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்று சும்மா இருக்க விடமாட்டார்கள், அன்றைய பில் எல்லாவற்றையும் சரிபார்த்து அன்றைய கணக்கை மூடுவது அந்த ஷிப்டில்தான். அறுகம்பே பக்கம் சீசன் வேலை, ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை ஓடும், மறுகா வீட்டில் இருக்க வேண்டி வரலாம்.

லைன் லீடர்:
கார்மென்ட்ஸையும் விட்டுவிட வேண்டாம். மணித்தியாலத்துக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் போர்டில் எழுதுவது நாங்கள், மெஷினில் இருப்பவருக்கு எண்ணிக்கை சொன்னால் போதும். ஆனால் டார்கெட் நெருக்கும், அது வேறு விதமான பாரம். ஒன்று தெரிந்திருங்கள் தங்கச்சி, தொழிற்சாலையில் பெண்ணை அவள் விருப்பமில்லாமல் இரவு வேலைக்குப் போட ஏலாது, மாதத்துக்கு 10 இரவுக்கு மேலும் ஏலாது, சம்பளம் ஒன்றரை மடங்கு தர வேண்டும். எங்கே சேர்ந்தாலும் சம்பளச் சிட்டையில் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்கிறதா என்று பாருங்கள், உங்களிடம் 8 வீதம் வெட்டினால் முதலாளி 12 வீதம் போட வேண்டும்.

ஆரையம்பதி பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி அக்கா, எனக்கு வார்டு வேலையில்தான் மனம் போகிறது. மருந்து அளக்கச் சொல்வார்களோ என்றுதான் பயம்.

கல்முனை மிஸ்ஸி:
மருந்து உங்கள் பொறுப்பே இல்லை. அவசரத்தில் யாராவது இதைக் குடுங்கோ என்று நீட்டினாலும் கையில் வாங்காதீர்கள், மிஸ்ஸியைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எங்களிடம் ஓடி வாருங்கள்.