பொன்முதுகு மரங்கொத்திதான், ஆனால் எது?

கேள்வி (இறகுதேடி):
பட்டுப்போன தென்னையில் காலையில் ஒரு மரங்கொத்தி வருகிறது. முதுகு பொன் மஞ்சள், கொண்டை சிவப்பு. படம் எடுத்தால் மங்கலாகத்தான் விழுகிறது. மரத்தடியில் ஒரு கறுப்பு இறகு கிடந்தது. நடுத்தண்டு கம்பி மாதிரி விறைப்பு, நுனி தேய்ந்திருக்கிறது. இது சாதாரணப் பொன்முதுகா, பெரிய பொன்முதுகா?

பதில் (கிளைநோக்கி):
முதுகையும் கொண்டையையும் விடுங்கள், ஆண் பறவையென்றால் இரண்டுக்கும் அது ஒன்றுதான். பறந்து போகும்போது வாலுக்கு மேலே பிட்டத்தைப் பாருங்கள். பெரியதற்கு அங்கே சிவப்பு, சாதாரணத்துக்குக் கறுப்பு. அப்புறம் தொண்டை, பின்கழுத்து, கண். பெரியதற்குக் கண் வெளிறியிருக்கும், பின்கழுத்து வெள்ளை, கன்னத்தில் மீசைக்கோடு இரண்டாகப் பிரிந்து நடுவே வெள்ளை தெரியும்.
இறகு வால் நடு இறகாக இருக்கலாம். மரத்தில் ஊன்றி நிற்பதே அந்த விறைப்பில்தான், அதனால் நுனி தேயும். மற்ற வால் இறகுகள் புதிதாக முளைத்த பிறகே நடு ஜோடி உதிரும். முதலில் உதிர்ந்தால் பறவை எதில் சாய்ந்து நிற்கும்? ஆனால் இறகை மட்டும் வைத்து இனம் சொல்ல நான் துணியமாட்டேன், இரண்டுக்கும் வால் கறுப்பே.

இறகுதேடி:
இன்று நன்றாகத் தெரிந்தது. பிட்டம் கறுப்பு. தொண்டையும் கறுப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளை. நெற்றிப் பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள், பின்னால் மட்டும் சிவப்பு.

கிளைநோக்கி:
சரி, முடிந்தது. சாதாரணப் பொன்முதுகு, பெண். ஆணுக்கு நெற்றியிலிருந்தே சிவப்பு. பெரியதின் பெண்ணுக்குத் தலையில் சிவப்பே கிடையாது, உச்சி முழுக்கக் கறுப்பில் வெள்ளைப் புள்ளிதான்.

பதில் (மழைக்குருவி):
என்னைக் கேட்டால் குரலே போதும். பறக்கும்போது கடகடவென்று சிரிப்பது போலக் கத்தும், ஏறி இறங்கி அலையாகப் போகும். ஆளைக் கண்டால் தண்டுக்குப் பின்னால் நழுவிவிடும், அசையாமல் காத்திருங்கள். இன்னொன்று, இலங்கையின் தென்பகுதியில் இருப்பவர்கள் பொன் நிறத்தைத் தேட வேண்டாம், அங்கே முதுகே சிவப்பு.

இறகுதேடி:
மரத்தடியில் மரத்தூளும் கிடக்கிறதே?

கிளைநோக்கி:
புதுச் சிராயாக இருந்தால் பொந்து தோண்டுகிறது. எறும்பு தேடிக் கொத்தினால் அவ்வளவு விழாது. பட்ட மரம்தானே என்று தென்னையை வெட்டிவிடாதீர்கள்; படமும் தள்ளி நின்றே எடுங்கள்.