உதவி: லான்ட்மாஸ்ரர் அண்ணைக்குச் சிறகு முளைச்ச படம், ஒருத்தரும் சிரிக்கேல்லை

பரந்தன்பொடியன்
வணக்கம். வயலில லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பிடிக்கிற அண்ணைக்குப் பின்னால கொக்கு எழும்பேக்க எடுத்த படம். அண்ணையின்ர தோளில சிறகு முளைச்ச மாதிரி இருக்கு. வீட்டில காட்ட "ஓ, வடிவா இருக்கு" எண்டினம். குறூப்பில ரெண்டு பேர் "அருமை" எண்டதோட சரி. ஒருத்தருக்கும் பகிடி விளங்கேல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள பகிடிப்படப் போட்டி ஒண்டுக்கு அனுப்ப வேணும். என்ன பிழை எண்டு கெதியாச் சொல்லுங்கோ.

முறிப்புக்கரை
படம் எங்க தம்பி?

கமுகம்பாளை
படத்தோட இதுகளையும் சொல்லுங்கோ. போனோ கமராவோ? எத்தனை மணி? சூம் பண்ணினீங்களோ? எவ்வளவு தூரத்தில நிண்டீங்கள்? பிறகு வெட்டினீங்களோ? குறூப்பில என்ன தலைப்புப் போட்டு விட்டீங்கள்? தலைப்பைக் கட்டாயம் சொல்லோணும், பகிடிப்படத்தைப் பாதி நேரம் அதுதான் கெடுக்கிறது.

பரந்தன்பொடியன்
மன்னிக்கோணும், இப்ப போட்டிட்டன். போன். தலைப்பு "பறக்கும் உழவன்".

பழையநெகட்டிவ்
தம்பி, இந்த இழைகளில இதைப் பலமுறை எழுதியாச்சு. அடிப்படை தெரியாமல் போட்டிக்கு ஓடக் கூடாது. ஆள் நட்டநடுவில நிக்கிறார், படத்தை மூண்டாப் பிரிக்கிற மூன்றில் ஒரு பங்குக் கோட்டில வைக்க வேணும். சிறகு மங்கலாக் கிடக்கு, ஷட்டர் வேகம் காணாது. பறவைக்கு 1/1000 செக்கன் வேகத்துக்குக் குறைய எடுக்கக் கூடாது. முதல்ல இந்த ரெண்டையும் படிச்சிட்டு வாரும்.

சேத்துவயல்
அண்ணை, நல்ல வெயிலில போன் கமரா எஃப் 1.8 (லென்ஸ் துவாரத்தின்ர அளவு), ஐ.எஸ்.ஓ. 50 (ஒளி உணர்திறன்) எண்டு வைச்சால் ஷட்டர் தானாவே 1/4000 வாக்கில போய் நிக்கும். மங்கலுக்கு ஷட்டர் காரணமில்லை. தம்பி, 4 மடங்கு சூம் பண்ணினீரோ? உம்மட போனில தூரத்து லென்ஸ் இல்லை எண்டால் அது வெறும் வெட்டுத்தான். 12 மெகாபிக்சலில 16இல ஒரு பங்கு, முக்கால் மெகாபிக்சல்தான் மிஞ்சும். அதை வட்ஸ்அப்பிலயும் அனுப்பினால் இன்னும் நசியும். இறகுக்கோடெல்லாம் கரைஞ்சு வெள்ளைப் பஞ்சு மாதிரித்தான் தெரியும். இப்ப தெரியிறதும் அப்பிடித்தான்.

பரந்தன்பொடியன்
ஓம் 4 மடங்கு. காலமை பத்தரை. ஒரு 20 மீட்டர் இருக்கும். வரம்பில குந்தி இருந்து எடுத்தனான். கொக்கு அண்ணைக்கு ஒரு 5 மீட்டர் பின்னால.

கமுகம்பாளை
நன்றி, இப்ப கதைக்கலாம். முதல்ல என்ர கண் போன வழியைச் சொல்லுறன். விமர்சனம் கேக்கிற ஆளுக்கு "இப்பிடிச் செய்" எண்டு சொல்ல முதல் இதைத்தான் குடுக்க வேணும். எடுத்த ஆளுக்குப் பகிடி எங்க எண்டு முன்னமே தெரியும், அதால அவர் தன்ர படத்தைப் புதுக்கண்ணால பார்க்கேலாது.

எனக்கு முதல்ல தெரிஞ்சது வலப்பக்கக் கீழ்மூலையில நீல நிற டீசல் கான். ரெண்டாவது, மேல போற கரண்ட் வயர். மூண்டாவது அண்ணையின்ர முகம். அதுக்குப் பிறகுதான் காதுக்கு அங்கால எட்டிப் பார்க்கிற கொக்கின்ர தலையும் சொண்டும். கொக்கின்ர தலையைக் கண்ட உடன "பின்னால கொக்கு" எண்டு மூளை முடிவு கட்டிப்போடும். அதுக்குப் பிறகு சிறகு தோளில முளைக்காது. இந்த மாதிரிப் பகிடி பார்த்த உடன பிடிபட வேணும், தேடிக் கண்டுபிடிச்சால் சிரிப்பு வராது.

ஆக, தலையும் காலும் அண்ணையின்ர உடம்புக்குப் பின்னால மறைய வேணும், சிறகு மட்டும் வெளியில நிக்க வேணும். இப்ப தோளுக்கும் சிறகுக்கும் நடுவில ஒரு சாண் வெளிச்சமும் தெரியுது. அந்த இடைவெளி இருக்கும்வரை ரெண்டும் வேற வேற பொருள்.

முறிப்புக்கரை
இடைவெளியை மூடக் கணக்கு இருக்கு. நீர் 20 மீட்டரில, கொக்கு அதுக்கு 5 மீட்டர் பின்னால எண்டால், நீர் நகர்ற தூரத்தில காற்பங்குதான் கொக்கு அவருக்குப் பின்னால நகர்ந்து தெரியும். சிறகு வலப்பக்கம் 30 சென்ரிமீட்டர் தள்ளி நிண்டால் இடப்பக்கம் 1.2 மீட்டர், ரெண்டு எட்டு, வையும். ஒட்டிப்போடும். கொக்கு மேல நிண்டால் நீர் பதிய வேணும். கீழ நிண்டால் எழும்ப வேணும்.

கமுகம்பாளை
கணக்குச் சரி முறிப்பு, ஆனால் எழும்பின கொக்கு ரெண்டு எட்டுக்குக் காத்து நிக்காது. கொக்கு சாலில நிண்டு புழு பொறுக்கேக்கயே அந்த ரெண்டு எட்டை வைச்சு நேர்ப்படுத்த வேணும். மெசின் வரம்படியில திரும்பேக்க எழும்புங்கள். அந்த நேரம் பட்டனை அமத்திப் பிடிச்சுத் தொடர்ச்சியா 20, 30 படம் எடுத்தால் ஒண்டு அகப்படும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. உண்ணிக்கொக்கு சிறகை விரிச்சால் 90 சென்ரிமீட்டர் வாக்கில வரும். 5 மீட்டர் பின்னால நிக்கிறதால அண்ணையின்ர அளவுக்கு 72 ஆத்தான் தெரியும். அண்ணையின்ர தோள் 45. அண்ணை உங்களைப் பார்த்து நேர வரேக்க எடுத்தால் பக்கத்துக்கு 13 சென்ரிமீட்டர்தான் வெளியில நிக்கும். அது சிறகு மாதிரி இராது, சேட்டு உப்பின மாதிரித்தான் இருக்கும். அண்ணை பக்கவாட்டில குறுக்கால போகேக்க எடுங்கோ. உடம்பு ஒடுங்கித் தெரியும், முதுகில இருந்து ஒற்றைச் சிறகு 35 சென்ரிமீட்டர் எழும்பி நிக்கும். உழுத நிலம் அவருக்கு அங்காலப் பக்கம் கிடக்கிற மாதிரி மெசின் வாற சுத்தைப் பாருங்கோ, கொக்கு அங்கதான் நிக்கும்.

ஒளிக்கீற்று
எல்லாரும் வானத்தை மறந்திட்டியள். வெள்ளைச் சிறகு, பின்னால வெள்ளை வானம். தம்பி குந்தினதால வந்த வினை. எழும்பி வாய்க்கால் கட்டில ஏறி நிண்டால் பின்னால பனை வரிசையும் சேறும் வரும், ரெண்டும் கறுப்பு. சிறகு வெட்டினமாதிரித் தெரியும். ஏறினால் கொக்கும் மேல போகுமெண்டு முறிப்பு சொல்லுவார். ஓம், ஒரு மீட்டருக்கு 25 சென்ரிமீட்டர் மேல போகும். அப்ப கொக்கு இன்னும் நல்லா எழும்ப முதலே, முதல் சிறகடியில எடுக்க வேணும்.

நேரமும் பிழை. ஏப்ரல் 14, 15 வாக்கில மத்தியானச் சூரியன் எங்கட உச்சிக்கு நேர மேல. பத்தரைக்கே உயர வந்திடும், தொப்பி நிழல் முகத்தைத் தின்னும். காலமை ஏழரைக்குள்ள, இல்லாட்டிப் பின்னேரம் ஐஞ்சுக்குப் பிறகு போம். சூரியனைப் பார்த்தபடி, கறுப்புப் பனைக்கு முன்னால எடுத்தால் இறகுக்குள்ளால வெளிச்சம் ஊடுருவி ஒளிரும். போனில சிறகு வாற இடத்தைத் தொட்டு அமத்திப் பிடிச்சு, வெளிச்சத்தை −0.7, −1 அளவுக்கு இழுத்து விடும். போர்ட்ரெயிட் மோட் வேண்டாம், அது கொக்கை மங்கலாக்கிப் பகிடியைக் கொண்டுபோடும். சாதாரண மோடில 5 மீட்டருக்கு அப்பால எல்லாமே தெளிவா இருக்கும். இந்தப் படத்துக்குப் பெரிய கமராவை விடப் போன் நல்லது.

பழையநெகட்டிவ்
பெரிய கமராவிலயும் ஏலும். 100 மி.மீ. லென்ஸ், எஃப் 8, 20 மீட்டரில நிக்கிற அண்ணையில போக்கஸ் எண்டால் கிட்டத்தட்ட 15இல இருந்து 28 மீட்டர் வரை தெளிவு. 250 மி.மீ. போட்டால்தான் கெடும். குந்தின கதையிலயும் ஒரு திருத்தம். படப்பிடிப்பாளர் எலியட் எர்விட் 1974இல நியூயோர்க்கில எடுத்த நாய்ப்படம் சின்ன நாயின்ர உயரத்துக்குக் கமரா இறங்கினதாலதான் பகிடியானது. அதுக்குப் பக்கத்தில நிக்கிற பெரிய நாயின்ர காலை முதல் பார்வையில மனிசக்கால் எண்டு நினைப்பம். எந்த உயரம் எண்டதைப் பகிடிதான் முடிவு செய்யும். ஒளிக்கீற்று சொன்னது இந்தப் படத்துக்கு மட்டும் சரி.

கைத்தொலைபேசி
ஏன் இவ்வளவு பாடு? ஏஐ அழிப்பானால கொக்குத் தலையை அழிச்சு, சிறகை வெட்டித் தோளில ஒட்டினால் ரெண்டு நிமிச வேலை.

கமுகம்பாளை
செய்யாதேங்கோ. உண்மையில அந்த நொடி நடந்தது எண்டதுதான் இதில இருக்கிற முழுப் பகிடியும். ஒட்டின சிறகை ஆரும் நாளொண்டுக்கு நூறு செய்யலாம்.

கைத்தொலைபேசி
பார்க்கிற ஆளுக்கு என்ன தெரியும்? சிரிச்சால் சரிதானே.

பழையநெகட்டிவ்
போட்டிக்காரர் ஒரிஜினல் கேட்டால் என்ன குடுக்கிறது? வேர்ல்ட் பிரஸ் போட்டோ எண்ட செய்திப்படப் போட்டி 2015இல, கடைசிக்கு முந்தின சுற்றுக்கு வந்த படங்களில 20 வீதத்தைத் திருத்தல் கூடிப்போச்செண்டு விலக்கினது.

கைத்தொலைபேசி
அது செய்திப்படம் அண்ணை. இது பகிடி. ரெண்டையும் ஒரு தராசில போடாதேங்கோ.

சேத்துவயல்
போட்டி விதியை வாசிச்சால் முடியிற சண்டை இது. தம்பி, விதியில என்ன கிடக்கு? வெட்டிறதுக்கும் வெளிச்சம் கூட்டிக் குறைக்கிறதுக்கும் அனேகமா விடுவினம். பொருளை நீக்கிறது, சேர்க்கிறது வேற கதை. டீசல் கானை அழிக்கவும் தேவையில்லை, வலப்பக்கம் ஐஞ்சில ஒரு பங்கை வெட்டினால் கானும் போகும், அண்ணையும் நடுவில இருந்து விலகுவார்.

பூவரசமிலை
ஒருத்தரும் கேக்காததை நான் கேக்கிறன். அந்த அண்ணையிட்டக் கேட்டனீரோ? அவரைப் பார்த்துச் சிரிக்கிறமோ, அவரோட சேர்ந்து சிரிக்கிறமோ எண்டது முகத்தில கிடக்கு. இந்தப் படத்தில பல்லைக் கடிச்சு மெசினைத் திருப்புறார், களைப்புத் தெரியுது. அதுவும் சிரிப்பை மறிக்குது. திரும்பி முடிஞ்சு, ஒண்டும் நடக்காத மாதிரி நேர பார்த்து நடக்கேக்க எடுத்தால் சிறகு இன்னும் எடுபடும். முதுகில சிறகு நிக்குது, ஆள் உழவில கவனம். அப்பத்தான் அவருக்கும் மரியாதை, படத்துக்கும் பகிடி. தலைப்பில பறக்கிறது, சிறகு எண்ட சொல் ஒண்டும் வேண்டாம். "சிறுபோகம், பரந்தன்" எண்டு ஊரையும் போகத்தையும் மட்டும் போடும். மிச்சத்தைப் படம் சொல்லட்டும்.

முறிப்புக்கரை
தலைப்பு விசயத்தில பூவரசு சொன்னதுதான் சரி. தம்பி, ஆளைக் காணேல்லை?

ஒளிக்கீற்று
வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு. உழவு முடியமுதல் போகச் சொல்லுங்கோ.

பரந்தன்பொடியன்
நேற்றுப் பின்னேரம் போனனான். அண்ணையிட்டக் கேட்டாச்சு, ஓமெண்டவர். வாய்க்கால் கட்டில நிண்டு 140 படம். ஒண்டில சிறகு முதுகோட ஒட்டி வந்திருக்கு, கொக்கின்ர கால் மட்டும் இடுப்புக்குக் கீழ கொஞ்சம் தெரியுது. அண்ணை போனை வாங்கிப் பார்த்திட்டுச் சேத்துக்குள்ள நிண்டு சிரிச்சவர். கால் தெரியிறது பரவாயில்லையோ?

கமுகம்பாளை
ஒரிஜினலை வட்ஸ்அப்பில டொக்கியுமென்டா அனுப்பி எடுத்து இஞ்ச போடுங்கோ. பார்க்காமல் சொல்லேலாது.