மந்திரச்சொல்லா, விசைச்சொல்லா? கிமோட்டாவை முன்வைத்து

காமிக்ஸ் நாயகனை உருமாற்றும் சொல்லைத் தமிழில் ‘விசைச்சொல்’ என்று எழுதலாம் என்றேன்; அதற்கு வந்த மறுப்புகளும் என் பதில்களும்.

> சொல்லைச் சொன்னதும் நாயகன் உருமாறுகிறானா? அது ‘மந்திரச்சொல்’. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. அமெரிக்க காமிக்ஸ் நாயகன் கேப்டன் மார்வலின் ‘ஷஜாம்’ மந்திரச்சொல்தான், கொடுத்தவர் மந்திரவாதி. சூப்பர்மேன் பதிப்பாளர்கள் போட்ட வழக்கால் 1953இல் அமெரிக்காவில் அந்தக் கதை நின்றுபோனது. லண்டனில் அதை மறுபதிப்புச் செய்துவந்த எல். மில்லர் நிறுவனத்துக்குக் கையில் சரக்கில்லை. காமிக்ஸ் படைப்பாளி மிக் ஆங்லோவைக் கூப்பிட்டு 1954இல் ‘மார்வல்மேன்’ என்று ஒருவனைச் செய்துகொண்டார்கள். பெரும்பாலும் பழைய சரக்குதான். ஆனால் மந்திரவாதி இருந்த இடத்தில் ஒரு வானியற்பியலாளர் வந்து உட்கார்ந்தார். சொல்லும் ‘கிமோட்டா’ ஆனது, அதாவது ‘அடாமிக்’கின் ஒலியைப் பின்னாலிருந்து படித்தது. அவர்கள் பார்த்துப் பார்த்துக் கழற்றிய மந்திரத்தை நாம் மறுபடி மாட்டுவானேன்?

1982இல் ‘வாரியர்’ இதழில் அதே மார்வல்மேனை வைத்து ஆலன் மூர் எழுதியதைப் பாருங்கள். உருமாறாதபோது மார்வல்மேன் சாதாரண மனிதன் மைக் மோரன்; நடுவயதில் அவனுக்குத் தன் சொல்லே மறந்துவிட்டது. அணுமின் நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கதவு; அதில் ‘அடாமிக்’ என்ற எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றன. வாய்விட்டுப் படிக்கிறான், அவ்வளவுதான். துப்பாக்கி விசையை அழுத்தியது போல. அதனால் ‘விசைச்சொல்’ என்கிறேன்.

---

> ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி’ தானே மந்திரம்? தொல்காப்பியம் சொல்வது கிமோட்டாவுக்கும் பொருந்துமே. ‘இரும்புக்கை மாயாவி’யும் விஞ்ஞானக் கதைதான். மாயாவி என்றதால் யார் குழம்பினார்கள்?

யாரும் குழம்பவில்லை, நானும் உட்பட. 1962இல் ‘வேலியன்ட்’ இதழில் வந்த லூயி கிராண்டல், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை மட்டும் தெரிய மறைபவன். அவனுக்கு 1972இல் முத்து காமிக்ஸ் கொடுத்த ‘மாயாவி’ அபாரமான பெயர். ஆனால் அதையே வகைப்பெயர் ஆக்கினால் கிராண்டலும் ஜான் கான்ஸ்டன்டைனும் ஒரே தலைப்பில் வந்து நிற்பார்கள். 1985இல் அறிமுகமான அந்த லிவர்பூல்காரன் நிஜமாகவே மாந்திரீகம் பழகியவன். அவன் ஓதுவதை மந்திரம் என்று சொல்லுங்கள், தகராறே இல்லை.

அப்புறம் தொல்காப்பியம். நீங்கள் காட்டிய அடி என் பக்கம்தான் சாய்கிறது! அங்கே சொல்லுக்கு வலிமை, சொல்பவர் நிறைமொழி மாந்தர், அதாவது சொன்னது பலிக்கும் பெரியோர், என்பதால் வருகிறது. ஆங்லோவின் பழைய கதையில் அதே மோரன், மிக்கி என்ற பெயரில், பத்திரிகை அலுவலகத்து எடுபிடிப் பையன். நிறைமொழிக்கு அவன் எங்கே போவான்? ஒலி சரியாக விழுந்தால் வேலை நடக்கும்.

(இன்னொரு காமிக்ஸ் நாயகன் கேப்டன் பிரிட்டனை இதில் இழுக்க வேண்டாம். 1976இல் மந்திரவாதி மெர்லின் தரப்பில் வாள், தாயத்து என்று இரண்டைக் காட்டினார்கள். அவன் தாயத்தை எடுத்துக்கொண்டான். சொல்லே கிடையாது.)

‘விசைப்பலகை’ இருப்பதால் விசைச்சொல்லைக் கணினிச் சொல் என்று நினைப்பார்களோ என்று கேட்டிருந்தார்கள். அதற்குக் குறிச்சொல், திறவுச்சொல் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன; மோதாது.

ஒன்றில் மட்டும் தோற்றேன். கிமோட்டாவையே தமிழாக்கலாம் என்று ‘அணு’வைத் திருப்பிப் போட்டேன். ‘ணுஅ’ வந்தது. ணகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வில்லன் வீடு போய்ச் சேர்ந்திருப்பான். கிமோட்டா கிமோட்டாவாகவே இருக்கட்டும்.