205 பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் விடுதலையா?

வாய்தா வரதன்:
நீதிபதிகளின் நடத்தைக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்று நேற்று எழுதியிருந்தேன். 2010இல் கொண்டுவந்த நீதித்துறைத் தரநிலை, பொறுப்புடைமை மசோதா 2012 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தூங்கி, 2014இல் காலாவதியானது. அதைத் தூசி தட்டுங்கள் என்றேன். அதற்கு நண்பர் சட்டப்புலியின் பதில்: //பதவி நீக்கத் தீர்மானம் இருக்கிறதே, புதுச் சட்டம் எதற்கு? 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியை நாடாளுமன்றமே விசாரித்து விடுவித்தது//

விடுவித்ததா? அவரைப் பதவி நீக்கும் தீர்மானத்துக்கு மக்களவையில் ஆதரவு 196. எதிர்ப்பு 0. வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் 205. எந்த ஊரில் சார் இதற்கு விடுதலை என்று பெயர்?

சட்டப்புலி:
தீர்மானம் நிறைவேறவில்லை. அவர் பதவியில் நீடித்து 1994இல் ஓய்வு பெற்றார். தோற்றுப்போன வழக்கில் எதிராளி விடுதலைதான். வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவருக்கே இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, காலக்கொடுமை.

வாய்தா வரதன்:
ஆமாம், 31 வருஷம் கேஸ் கட்டு தூக்கியவன்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. அவரை விசாரித்த, நீதிபதி சாவந்த் தலைமையிலான குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகச் சொன்னது. காங்கிரஸ்காரர்களும் கூட்டாளிகளும் அதை மறுத்தா வாக்களித்தார்கள்? வாயையே திறக்கவில்லை. 205 பேர்! ஒருத்தர்கூட எதிர்ப்புப் பொத்தானைத் தொடவில்லை.

கோவை மீனா:
இரண்டு பேரும் மசோதாவைப் படித்தீர்களா? நீதிபதி, மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய சொத்தையும் காட்ட வேண்டும், புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு, இதெல்லாம் நல்லதுதான். ஆனால் முதல் வடிவத்தில், அற்பப் புகார் என்று முடிவானால் புகார் கொடுத்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். யார் புகார் கொடுப்பார்கள்? இது போக, அரசியலமைப்புப் பதவியில் இருப்பவர்களைப் பற்றி நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் தேவையற்ற கருத்துச் சொல்லக் கூடாது என்று ஒரு பிரிவு. எது தேவையற்றது என்று யார் சொல்வது?

வாய்தா வரதன்:
அம்மா, நீங்கள் சொல்வது இருக்கட்டும். முதலில் அந்த 205க்கு இவர் பதில் சொல்லட்டும்.

சட்டப்புலி:
மேடம் கேட்டது நியாயமான கேள்வி. சட்டம் இல்லாமலே 1997இல் உச்ச நீதிமன்றம் தனக்குத்தானே 16 நெறிகள் வகுத்துக்கொண்டது. 2025 மே மாதம் சொத்து விவரத்தை வலைத்தளத்தில் போட்டார்கள். யாரும் சட்டம் போட்டு மிரட்டவில்லை, தானாகச் செய்தார்கள்.

வாய்தா வரதன்:
தானாக! அன்றைக்கு 33 பேரில் 21 பேருடையதுதான் வந்தது. மீதி 12 பேரை விட்டுவிடுவோம், 205ஐ விடவா பெரிய எண்ணிக்கை. அந்த 16 நெறிகளை மீறினால் தண்டனை என்ன, அதைச் சொல்லுங்கள் புலியாரே. ஒன்றுமில்லை. சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரிதான்.

அருப்புக்கோட்டை ஆனந்த்:
ராமசாமி எங்கள் பக்கத்து ஆள். 1999இல் சிவகாசியில் அதிமுக சார்பில் நின்று வைகோவிடம் தோற்றார். மக்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இதற்கு மேல் என்ன விவாதம்?

சட்டப்புலி:
தேர்தலில் தோற்றால் குற்றவாளியா ஆனந்த்? அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் யார் மிஞ்சுவார்கள்?

அருப்புக்கோட்டை ஆனந்த்:
ஜெயித்தால் மட்டும் உத்தமரா? உங்கள் கணக்கே தனி. 93இல் அவருக்காக மக்களவையில் வாதாடிய கபில் சிபல்தான் 2013இல் சட்ட அமைச்சரானார். அதையும் விடுதலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்புலி:
வக்கீல் கட்சிக்காரருக்காக வாதாடாமல் வேறென்ன செய்வார்? தெரியாததில் மூக்கை நுழைக்காதீர்கள் தம்பி.

அருப்புக்கோட்டை ஆனந்த்:
தம்பி கிம்பி எல்லாம் வேண்டாம். எனக்கு 53 வயது.

கோவை மீனா:
அந்த 205க்கு விளக்கம் அரசியலமைப்பின் 124(4)ஆம் பிரிவில் இருக்கிறது. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு போதாது, அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும். 196 அதற்குப் பற்றவில்லை. சும்மா இருந்ததே எதிர்த்து வாக்களித்த பலனைக் கொடுத்துவிட்டது. இப்போதாவது புகார்ப் பிரிவுக்கு வரலாமா?

சட்டப்புலி:
நான் சொன்னதும் இதேதான். எதிர்த்த பலன் என்றால் விடுதலை.

வாய்தா வரதன்:
நான் சொன்னதை அல்லவா அம்மா சொல்லியிருக்கிறார்! பலன்தான் எதிர்ப்பு, வாக்கு எதிர்ப்பு இல்லை. விடுதலை என்று சொல்ல ஒரு வாக்காவது விழ வேண்டாமா? நான் பார்த்த ஒரு சிவில் வழக்கு 17 வருஷம் நடந்தது. எதிராளி வரவே மாட்டான், வாய்தா மேல் வாய்தா. கடைசியில் வாதி செத்துப்போனார். எதிராளி ஜெயித்தானா? வராமலே இருந்தான், அவ்வளவுதான். இந்த 205 பேரும் அப்படித்தான்.

சட்டப்புலி:
17 வருஷக் கதையை எத்தனை இழையில் போடுவீர்கள்? போன தீபாவளிக்கு வில்லங்கச் சான்று விஷயத்தில் உங்கள் தப்பைத் திருத்தினேன். அதிலிருந்துதான் இந்தக் காய்ச்சல்.

வாய்தா வரதன்:
அதில் தப்பு உங்களுடையது. பழைய இழை அப்படியே இருக்கிறது, எல்லோரும் போய்ப் பார்க்கலாம்.

கோவை மீனா:
5 ஆண்டு சிறை பற்றி ஒருவரும் பேச மாட்டீர்களா?

வாய்தா வரதன்:
பேசலாம் அம்மா. இவர் 'விடுவித்தது' என்ற சொல்லை எடுக்கட்டும், பேசலாம்.

சட்டப்புலி:
எடுக்க மாட்டேன்.

அருப்புக்கோட்டை ஆனந்த்:
வில்லங்கச் சான்று இழையில் வரதன் அண்ணன் சொன்னதுதான் சரி.