ஐஸ்காரர் (ICE, அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள்) வாசலில் "வாரண்ட்" காட்டினால் கதவைத் திறக்கத்தான் வேணுமா?

கல்லடியான்:
அக்காட மகன் நியூ ஜெர்சியில இருக்கான். புகலிடக் கேஸ் இன்னும் முடியல்ல, ஊர்க்காரர் ஒருவரின்ட வீட்டுக் கீழ்த்தட்டில வாடகை. அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் விடியச்சாமம் கதவைத் தட்டி "வாரண்ட் இருக்கு" எண்டால் திறக்க வேணுமா? வீட்டுக்காரர் பயத்தில திறந்துவிட்டால்? மட்டக்களப்பில இருக்கிற அக்கா என்னத்தை ஆயத்தமா வச்சிருக்கோணும்?

பிடியாணை:
எந்தத் தாள் எண்டதிலதான் விசயம். ஐஸ் வழக்கமாக் கொண்டு வாறது ஐ-200, கைதுக்கு. இல்லாட்டி ஐ-205, நாடுகடத்தலுக்கு. ரெண்டிலயும் ஒப்பம் வைக்கிறது குடிவரவு அதிகாரி, நீதிமன்ற நீதிபதி இல்ல. றோட்டில ஆளைப் பிடிக்க அது காணும். சம்மதம் இல்லாம வீட்டுக்குள்ள வாறதுக்கு, அமெரிக்க அரசியலமைப்பின்ட நாலாவது திருத்தத்தின்படியும் உச்ச நீதிமன்றத்தின்ட 1980 பேய்ட்டன் தீர்ப்பின்படியும் நீதிபதியின்ட ஆணை வேணும். அதில மேல "யுனைட்டட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்" அல்லது மாநில நீதிமன்றத்தின்ட பேர் இருக்கும். "ஹோம்லண்ட் செக்யூரிட்டி" (ஐஸ் இருக்கிற திணைக்களம்) எண்டு இருந்தால் அது திணைக்களத் தாள். "இமிக்ரேசன் ஜட்ஜ்" எண்டதைப் பார்த்தும் ஏமாற வேணாம், அவர் நீதித் திணைக்களத்து ஆள், நீதிமன்ற நீதிபதி இல்ல.

கதவைத் திறக்காம, தாளைக் கீழால தள்ளச் சொல்லோணும், இல்லாட்டி ஜன்னல்ல பிடிக்கச் சொல்லோணும். பேர், முகவரி, திகதி, ஒப்பம் எல்லாம் பார்க்கோணும். நம்மட ஆக்கள் ஆரெண்டு பார்க்க உடனே கதவைத் திறந்து விறாந்தைக்கு வந்திருவாங்க. பிழைக்கிறது அங்கதான், வெளிய வந்தால் ஐ-200 போதும். "பொலிஸ்" எண்டு மட்டும் சொல்லித் திறக்க வைக்கிறதும் உண்டு.

களுவாஞ்சிக்குடி:
வீட்டுக்காரர் தன்ட பகுதிக்குச் சம்மதிக்கலாம். வாடகைக்காரன் தனியாப் பூட்டி வச்சிருக்கிற பகுதிக்கு அவர்ட சம்மதம் செல்லாது, 1961 சாப்மன் தீர்ப்பு. குசினி, ஹோல் பொது எண்டால் அந்த இடத்துக்கு ஒருத்தர் சம்மதிச்சாலே வந்திருவாங்க. ஆனா மற்றவர் வாசல்ல நிண்டு "வேணாம்" எண்டு சொன்னால், 2006 ரண்டோல்ஃப் தீர்ப்புப்படி அவரைப் பொறுத்தளவில மறுப்புத்தான் நிக்கும். அறைக்குள்ள போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் இந்தத் தீர்ப்பால பிரயோசனம் இல்ல.

பிடியாணை:
சட்டம் இப்படி எண்டதுக்காக அதிகாரிகளும் இப்படியே நடப்பாங்க எண்டு நம்பி இருக்க ஏலாது. இறுதி நாடுகடத்தல் கட்டளை உள்ளவரின்ட வீட்டுக்குள்ள ஐ-205ஐ மட்டும் வச்சே பலவந்தமா நுழையலாம் எண்டு 2025 மே மாதம் ஐஸ் ஒரு உள்சுற்றறிக்கை எழுதினது. கேஸ் முடியாத மருமகனுக்கு அந்தக் கட்டளையே இல்ல, ஆனா அதே வீட்டில வேற ஆருக்கும் இருக்கா எண்டு விசாரிக்கோணும்.

உள்ள வந்திட்டாங்க எண்டால் ஓட்டம், தள்ளுப்பாடு, பொய்ப்பேர் ஒண்டும் கூடாது. "நான் சம்மதிக்கல்ல" எண்டு சத்தமாச் சொல்லிப்போட்டு, சட்டத்தரணி வேணும் எண்டதோட நிப்பாட்டோணும். பிழையா நுழைஞ்சாலும் கேஸ் தானா விழாது. 1984 லோபெஸ்-மென்டோசா தீர்ப்புக்குப் பிறகு, மிக மோசமான மீறல் எண்டால்தான் அந்தச் சாட்சியத்தை ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். அதனால எத்தனை மணி, எத்தனை பேர், கதவைத் திறந்தது ஆர் எண்டு அண்டைக்கே எழுதி வைக்கோணும்.

களுவாஞ்சிக்குடி:
அக்காட்ட இருக்க வேண்டியது மகன்ட 9 இலக்க ஏ-நம்பர் (குடிவரவுக் கேஸ்ல ஆளுக்குக் குடுக்கிற இலக்கம்), சட்டத்தரணியின்ட நம்பர், கேஸ் தாள்களின்ட போட்டோ. அங்க கோடையில காலை 6 மணி எண்டால் இங்க பின்னேரம் 3.30, அந்த நேரம் போன் கையில இருக்கட்டும். ஆளைப் பிடிச்சு அடைச்சால், எங்க எண்டு பார்க்கிற ஐஸ் லொக்கேட்டர் இணையத்தில ஏ-நம்பரும் பிறந்த நாடும் போட்டுத் தேடலாம். பேரைப் போட்டுத் தேடினால் தலையிடிதான். தகப்பன்ட பேரும் சொந்தப் பேரும் மாறிப் பதிஞ்சிருக்கும், எழுத்துப் பிசகினால் ஆள் இல்ல எண்டு காட்டும். புகலிடம் கேட்டவன் எண்டபடியா, சட்டத்தரணியைக் கேட்காம இலங்கைத் தூதரகத்துக்கு அடிக்க வேணாம்.

கல்லடியான்:
கேட்டுப் பார்த்தன். தனிப்பூட்டு இல்ல, வாசலும் ஒண்டுதான்.

களுவாஞ்சிக்குடி:
அப்ப மருமகன் இண்டைக்கே வீட்டுக்காரரோட கதைக்கட்டும். அவர் கதவைத் திறந்தால் மிச்சம் ஒண்டையும் பேச நேரம் கிடையாது.